பேரிகை மொட்டையும் ஒரு மில்லிமீட்டரும்

கோவில்பட்டியில் நான் நடத்தும் மெஸ்ஸைத் தீபாவளிக்குக்கூட முழுநாள் மூடியதில்லை. அப்படிப்பட்டவள் வாசலில் 'விடுமுறை' என்று அட்டையைத் தொங்கவிட்டு, பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஸ்வெட்டர் இரவல் வாங்கிக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன் என்றால், ஊர் சுற்றிப் பார்க்கவா ஏறியிருப்பேன்? என் தம்பி கணேசனுக்குத் தலைக்குள் கட்டி. ஆபரேஷன் செய்து பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் கொஞ்சம், இடது கண்ணுக்குப் போகிற நரம்பை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அங்கே கத்தி வைத்தால் கண் போய்விடும் என்று கதிர் சிகிச்சை கொடுக்கிறார்கள். சனி ஞாயிறு தவிர தினமும் ஆஸ்பத்திரி. பாதி சிகிச்சை வரைக்கும் அவன் பெண்டாட்டி மஞ்சுளாதான் கூடப் போய்வந்தாள். கம்பெனியில் லீவு தீர்ந்துபோய், இனி யார் கூட்டிப் போவது என்று போனில் அழுதாள். அழாதே, நான் வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

வீடு இருப்பது பாகலூரில், தமிழ்நாட்டுக்குள். ஆஸ்பத்திரி இருப்பது கர்நாடகாப் பக்கம். ஆகவே நான் வெளிதேசம் போனதில்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. தினமும் காலையில் ஒரு எல்லையைத் தாண்டி, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்தவள் நான்.

பாகலூரில் இறங்கியதுமே குளிர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டீக்கடைக்காரர் என்னிடம் தமிழில் கேட்டார், உள்ளே பார்த்துத் தெலுங்கில் சொன்னார், மிச்சக் காசைக் கன்னடத்தில் எண்ணிக் கொடுத்தார். சரியாகத்தான் கொடுத்திருந்தார், நான் இரண்டு தரம் எண்ணினேன். தெருவின் ஒரு பக்கம் கம்பெனி மதில், மறுபக்கம் தக்காளித் தோட்டம். நடுவில் ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வருகிற பிள்ளைகள்.

மஞ்சுளா பேரிகைக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். நாத்தனாரை அவர்கள் 'வதினா' என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் தட்டில் ஒரு களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பண்ணிக் கீரைக் கடைசலை ஊற்றினாள். "மெல்லாதீங்க வதினா, தொட்டு அப்பிடியே முழுங்கணும்" என்றாள். முழுங்கினேன். தொண்டையில் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. கீரை நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி கேன்டீன் சாம்பாரை என் எதிரிக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அதில் வெல்லம் போடுகிறார்கள். "ஏலே, பாயசத்துக்கும் இதுக்கும் என்னலே வித்தியாசம்?" என்று கணேசனைக் கேட்டேன்.

"பாயசத்துல முந்திரி கிடக்கும்" என்றான்.

எங்களைக் கூட்டிப் போனது பாஷா பாயின் ஆட்டோ. கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்லிக்கொள்வார். "டிராஃபிக் இருக்குமா? இருக்கும்மா. போயிருவமா? போயிருவம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பெனி பஸ்களுக்கு நடுவில் வண்டியை நுழைப்பார். எனக்கு உயிர் போய் உயிர் வரும். கணேசன் மட்டும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வருவான். உதடு அசையும். சாமி கும்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எதிரே வருகிற பஸ்களின் பலகையை இடது கண்ணால் வாசிக்கிறான். பேரிகை. சூளகிரி. தேன்கனிக்கோட்டை. மூன்று பலகை வாசித்த பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கதிர் சிகிச்சை என்றால் நெருப்பு மாதிரி ஏதோ தெரியும் என்று எண்ணியிருந்தேன். ஒன்றுமே தெரியாது. அங்கே முழு வேலையும் ஆளைப் படுக்க வைக்கிற விதத்தில்தான் இருக்கிறது. மெஷின் ஓட்டுகிற காவ்யா என்ற பெண், சின்ன வயசு, கன்னடக்காரி. என் தம்பியை எதற்குள் கொண்டுபோய் அடைக்கிறீர்கள் என்று நான் நச்சரித்ததில், அவனைப் படுக்க வைக்கும்போது கூப்பிட்டுக் காட்டினாள். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையான வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு முகமூடி. வெந்நீரில் இளக்கி அவன் தலையிலேயே வைத்து அச்செடுத்தது. கண், மூக்கு, கன்னம் மட்டும் திறந்திருக்கும், நெற்றி மேட்டிலிருந்து தாடை வரை சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பின்மண்டைக்கும் அப்படி ஒரு அச்சுத் தலையணை. முகமூடியைக் கட்டிலோடு சேர்த்து 'டக் டக்' என்று மாட்டினாள்.

மேற்கூரையில் மூன்று கேமரா. அவை முகத்தின் மேல் வெளிச்சத்தை அடித்து மேடு பள்ளத்தை எல்லாம் அளந்துகொண்டே இருக்கும். வெளி அறையில் இருக்கிற திரையில் இரண்டு முகம் தெரிந்தது.

"பச்சை, முதல் நாள் எடுத்த முகம் அக்கா. நீலம், இப்ப இருக்கிற முகம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும்" என்றாள் காவ்யா. "இது தோலை மட்டும்தான் பாக்கும். உள்ள எலும்பு சரியா இருக்கான்னு பாக்க, தினம் முதல்ல ஒரு சின்ன ஸ்கேன் எடுப்போம். அப்புறம்தான் கதிர். நடுவுல ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கதிர் தானா நின்னுரும்."

"நிக்காமப் போனா?"

"இங்க கட்டி, இங்க நரம்பு" என்று திரையில் இரண்டு கோடுகளைத் தொட்டுக் காட்டினாள். ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று விரலில் காட்டச் சொன்னேன். அவள் காட்டிய இடைவெளியில் எனக்கு வெளிச்சமே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் வந்தது வினை. கதிர் நுழைகிற பக்கமெல்லாம் கணேசனுக்கு முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. காதுக்கு மேலே ரூபாய் அகலத்துக்கு வழுக்கை. அவன் எழுந்திருக்கும் முன்னால் மஞ்சுளா தலையணையில் கிடக்கிற முடியைக் கையால் கூட்டி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கொல்லையில் போடுவதைப் பார்த்தேன். சனிக்கிழமை என்னிடம் வந்து, பேரிகைப் பக்கத்தில் தங்கள் குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இவரைக் கூட்டிப்போய் வந்துவிடுகிறேன் என்றாள். அவர்களுடைய சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்ததால் நான் வீட்டில் இருந்துகொண்டேன். போய் நல்லபடியாகக் கும்பிட்டுவிட்டு வாங்க என்று அனுப்பி வைத்ததும் நான்தான்.

சாயங்காலம் வந்து நின்றான். பளபளவென்று மொட்டை, மேலே சந்தனம். "அடப்பாவி, பழனியாண்டவரே நேர்ல வந்துட்டாரே!" என்று நான் சிரித்துத் தலையைத் தடவிப் பார்த்தேன். அவனும் சிரித்தான். காய்ச்சல் பிள்ளைகூட எழுந்து வந்து தடவிப் பார்த்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் சிரித்த சாயங்காலம் அது.

திங்கட்கிழமை முகமூடியை மாட்டியதும் காவ்யாவின் முகம் மாறியது. 'டக் டக்' சத்தம் வழக்கம்போலத்தான் வந்தது. ஆனால் நெற்றி மேட்டில் அவள் விரல் உள்ளே போய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முடி அடர்ந்து வளர்ந்திருந்த சமயத்தில் எடுத்த அச்சு அது. முடி போனதும் முன்னால் தொளதொளவென்று இடம், பின்னால் தலை தலையணைக்குள் ஒரு பொடி இறங்கிவிட்டது. படுக்க வைத்தாள். நீலம் பச்சையின் மேல் உட்காரவில்லை. சரிசெய்தாள். உட்கார்ந்தது. ஸ்கேன் எடுப்பதற்குள் அவன் எச்சில் முழுங்க, தாடை மேலே போய்த் திரை சிவந்தது. மறுபடி. மறுபடியும் சிவப்பு. நான் வெளி அறைத் திரைக்கு முன்னால் நின்று, அசையாதலே, அசையாதலே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அசையவே இல்லை. முகமூடிக்குள் தலை தானாக நழுவியது.

டாக்டரம்மா வந்தார். திரையைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னைக்குக் குடுக்க முடியாது. புது அச்சு எடுக்கணும், பெரிய ஸ்கேன் எடுக்கணும், கணக்கெல்லாம் புதுசாப் போடணும். புதன்கிழமை வாங்க" என்றார். "நடுவுல இடைவெளி விழறது நல்லதில்லம்மா. விட்டதைக் கடைசியில சேர்த்துக் குடுப்போம். ஆனா இனிமே தள்ளிப்போகக் கூடாது. முடி வெட்டாதீங்கன்னு முதல் நாளே சொல்லியிருந்தோமே?"

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒன்று சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் கூட வந்தவள் மஞ்சுளா. அன்றைக்கே புது முகமூடி அச்செடுத்து, ஸ்கேனும் எடுத்தார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் பாஷா பாய்கூடப் பேசவில்லை.

சாயங்காலம் மஞ்சுளா ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். என் வாய் ஊர் அறிந்தது. ஒரு ஆளுடைய கண்ணை வைத்துக்கொண்டா வேண்டுதல் விளையாட்டு விளையாடுவாய், படித்தவள்தானே, டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்று சகட்டுமேனிக்குக் கேட்டுத் தீர்த்தேன். கணேசன் "அக்கா, விடுக்கா" என்று சொல்லச் சொல்ல என் குரல்தான் ஏறியது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முடி வெட்டாதீங்கன்னு சொன்னாங்க வதினா. அதான் சலூனுக்குப் போகவே விடல நானு. இது வெட்டறது இல்லையே. சாமிக்குக் குடுக்கறதுதானே" என்றாள். "எப்படியும் கொட்டித்தானே போகுது. குப்பையில போறதுக்கு, கண்ணைக் காப்பாத்துன்னு அந்த சாமி காலடியில போகட்டும்னு நெனச்சேன்."

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் முடிவெட்டு, கோயிலில் உட்கார்ந்தால் மொட்டை. நம் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இரண்டும் வேறு வேறு என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது உள்ளுக்குள் தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை சும்மா இருந்த நாள். சும்மா இருப்பதைவிடக் கொடுமை உண்டா? புளிக்குழம்பு வைத்தேன், யாரும் சாப்பிடவில்லை. கணேசன் வாசலில் நின்று வலது கண்ணைப் பொத்தினான். ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது. கை இறங்கவே இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்த ஊர் பஸ்லே?"

"தெரியலக்கா. தூசியா இருக்கு."

தூசி இல்லை. முந்தின சாயங்காலம்தான் மழை பெய்து ரோடு கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது. உள்ளே போய்ப் பாத்திரத்தை விளக்கிக்கொண்டே அழுதேன்.

புதன்கிழமை மஞ்சுளா சம்பளம் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று கூடவே வந்தாள். ஆட்டோவில் அவனுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஊரிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, அவன் நெற்றி நிறைய அள்ளிப் பூசினேன். செண்பகவல்லித் தாயே, கைவிட்டுராத. மூக்கிலும் கன்னத்திலும் கொஞ்சம் உதிர்ந்தது.

எல்லை நெருங்குகிற இடத்தில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். செக்போஸ்ட்டுக்கு முன்னால் தக்காளி லாரி ஒன்று சாய்ந்து, ரோடு முழுக்க ரசம். இரண்டு மாநில போலீசும் இது யார் எல்லைக்குள் விழுந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நேரம் தவறினால் அடுத்தவர்களைப் படுக்க வைத்துவிடுவார்கள், அப்புறம் மெஷின் எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாது. பாஷா பாய் எஞ்சினை அணைத்தார். "போகுமா? போகாதும்மா. நடந்தா? நடந்தாத்தான் உண்டு. அந்தப் பக்கம் எங்க மச்சான் வண்டி நிக்கும், போன் போட்டுடறேன்" என்றார்.

நடந்தோம். கணேசனின் மொட்டையில் என் ஸ்வெட்டரைச் சுற்றி நடுவில் விட்டு, முன்னால் நான், பின்னால் மஞ்சுளா. லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில், நசுங்கின தக்காளியில் வழுக்கி வழுக்கி. எதிரே வந்த ஒருத்தன் முதுகுப் பையோடு திரும்பியதில் என் காதில் ரப்பென்று அடித்துவிட்டுப் போனான். எரிச்சலில் கண்ணீரே வந்தது, நின்று திட்ட நேரமில்லை. பைக்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஸ்வெட்டர் நழுவின மொட்டையைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். என்னலே சொல்றானுங்க என்றேன். "திருப்பதியில இருந்து நடந்தே வர்றாங்க போலன்னு சொல்றான்" என்றான் கணேசன். அந்த நிலைமையிலும் மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்து, என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது காவ்யா கதவிலேயே நின்றிருந்தாள். "வாங்க, வாங்க, உங்களுக்காக ஒருத்தரைக் காக்க வெச்சிருக்கேன்" என்று இழுத்துக்கொண்டு போனவள், அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அய்யோ, இது யாரு பூசினது? முகத்துல எதுவும் இருக்கக் கூடாது அக்கா. பவுடர், எண்ணெய், சந்தனம் எதுவும். கேமரா தோலைப் பாக்கணும்" என்று பஞ்சை நனைத்து நெற்றியைத் துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமாகி ஒன்று போனது, இரண்டு போனது. மூக்கோரம், கன்னம் எல்லாம் தேடித் தேடித் துடைத்தாள்.

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. மஞ்சுளா என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டிருக்கலாம், கேட்க உரிமை இருந்தது. என் கையில் இருந்த விபூதிப் பொட்டலத்தை வாங்கி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அன்று மஞ்சுளாவையும் என்னோடு உள்ளே விட்டார்கள். வெளி அறையில், திரைக்கு எதிரே சுவரோரம் நிற்க வைத்தார்கள். புது முகமூடி. 'டக் டக்.' காவ்யா விரலை விட்டுப் பார்த்தாள், போகவில்லை. எல்லாரும் வெளியே வந்து, கனமான கதவு மூடியது. ஸ்கேன் அவன் தலையைச் சுற்றி வந்தது. எலும்பின் படத்தின் மேல் எலும்பின் படம். கொஞ்சம் விலகல். கட்டில் தானாக ஒரு நூலளவு நகர்ந்தது, பல்லி நகர்கிற மாதிரி. நீல முகம் மெல்லப் போய்ப் பச்சை முகத்தின் மேல் உட்கார்ந்தது. காவ்யா பொத்தானை அழுத்தினாள், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

என் கையை மஞ்சுளா பிடித்தாளா, அவள் கையை நான் பிடித்தேனா, தெரியாது.

பாதியில் நின்றது. திரை சிவந்து, கதிர் நின்றது. "முழுங்கிட்டாரு, பரவாயில்ல" என்ற காவ்யா, மைக்கில் "கணேசன் சார், நிதானமா மூச்சு விடுங்க. ஒண்ணும் அவசரமில்ல. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றாள். காத்திருந்தோம். தாடை இறங்கியது. சிவப்பு மஞ்சளாகி, பச்சையாகி நின்றது. கதிர் மறுபடி போனது. கடைசிவரை நிற்கவில்லை.

அவன் நெற்றியில் சல்லடைத் தழும்போடு வெளியே வந்து, "பசிக்குது" என்றான். கேன்டீனில் வெல்லச் சாம்பாரை மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம். வதினா என்று அவள் கூப்பிட்டபோது, என்னம்மா என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆட்டோவில் கணேசன் கண்ணைப் பொத்துவதையும் விட்டுவிட்டான். பொத்தினால் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான், எனக்குத் தெரியாதா? நானும் கேட்கவில்லை, மஞ்சுளாவும் கேட்கவில்லை. கடைசி நாள் டாக்டரம்மா, குறி தவறாமல் கொடுத்து முடித்துவிட்டோம், பலன் தெரியச் சில மாதமாகும், கண் என்ன ஆகும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். காவ்யா புது முகமூடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றாள். மஞ்சுளா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேரிகைக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டுவாளாக இருக்கும். கட்டட்டும்.

மறுநாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தார்கள். களி மாவு ஒரு பை, கொய்யா ஒரு பை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாத்திரையை மறக்காதே, வெயிலில் அலையாதே என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே நின்ற கணேசன் மெதுவாக வலது கையைத் தூக்கி, வலது கண்ணைப் பொத்திக்கொண்டான். மஞ்சுளா அப்படியே நின்றுவிட்டாள். பஸ் பலகையைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, உன் தோட்டுல ஒரு கல்லு இல்ல."

காதைத் தொட்டேன். ஏழு கல் தோட்டில் ஓரக் கல் ஒன்று இருந்த இடம் குழியாக விரலில் தட்டியது. அன்றைக்கு அந்தப் பை அடித்ததில் போயிருக்க வேண்டும். கண்ணாடி பார்த்துத் தலை சீவிய நானும் கவனிக்கவில்லை, எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மஞ்சுளாவும் கவனிக்கவில்லை.

"அய்யோ வதினா, கல்லு!" என்றாள் மஞ்சுளா. அவள் குரல் கல்லுக்காக நடுங்கவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி, மற்றக் காதை அவன் பக்கம் திருப்பினேன்.

"இதையும் பாத்துச் சொல்லுலே" என்றேன். "கையை எடுக்காமச் சொல்லு."